மாமாவின் இரண்டு ஆல்பங்கள்

போன வாரம் அனுப்பானடியிலிருந்து அத்தை ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய இரண்டு தபால்தலை ஆல்பங்கள். கூடவே பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: "மருமகனே, மாமாவுடைய புத்தகங்கள். முதுகு விட்டுப்போய்விட்டது. வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை."

ஒத்தக்கடையில் எனக்கு ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. புது மண்டபத்துப் புத்தகக் கடைகளுக்கு வேலை செய்து தொழில் கற்றவர் அப்பா. அவரிடம் கற்றவன் நான். கணக்குப் பேரேடு, கல்லூரி ஆய்வேடு, பள்ளி நோட்டு, தாத்தா காலத்துத் தேவாரம் என்று தினமும் எத்தனையோ புத்தகங்களுக்கு முதுகு கட்டியிருக்கிறேன். இந்த இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் தொடாமலே இருந்தேன்.

முதல் ஆல்பத்தின் அட்டையில் மாமா கறுப்பு மையில் 'எரிமலைகள்' என்று எழுதியிருக்கிறார். இரண்டாவதில் 'ஏரிகள்'. குண்டு குண்டான எழுத்து. சின்ன வயதில் நான் இதை எழுத்துப் பிழை என்றே நினைத்திருந்தேன். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதிவிட்டார் என்று. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் ஏரி என்று சொல்வதில்லை. கண்மாய், ஊருணி, தெப்பம், குட்டை என்றுதான் சொல்வோம். வடக்கே போனால்தான் ஏரி. எனக்குத் தெரிந்த ஒரே ஏரி கொடைக்கானல் ஏரி. அதுவும் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டித் தேக்கியது. எரியும் மலையை எங்கள் ஊரில் யாரும் கண்டதே இல்லை. ஆக இரண்டு சொற்களையுமே எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டு அட்டைகள்தான்.

மாமா ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், பிரிப்பாளராக இருந்தார். ஓடுகிற வண்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் போடுகிற வேலை. வண்டி ஆடும், விளக்கு மங்கும், ஜன்னலுக்குக் கம்பிவலை இருக்கும், வெளியே இரவாக இருக்கும். முப்பது வருடம் ரயிலில் போனவர் வழியில் எதையும் பார்த்ததில்லை. "ஊர் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஊரைத்தான் பார்த்ததில்லை" என்பார். கையில் வந்துபோகும் கடிதத்தின் தபால்தலையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அதை ஆசையோடு தடவிக்கூடப் பார்க்கமாட்டார். அது இன்னொருவர் கடிதம். அவருக்குச் சொந்தமான தபால்தலைகள் எல்லாம் பேனா நண்பர்களிடமிருந்து வந்தவை. மிச்சம், வெளிநாட்டுக் கடிதங்கள் நிறைய வரும் ஒரு பாதிரியார் உறையோடு வெட்டிக் கொடுத்தவை.

அந்த வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போடுகிற ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இன்னமும் கண்ணில் இருக்கின்றன. அத்தை வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து விரல் பொறுக்கிற சூட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றுவார். மாமா தபால்தலைகளை முகம் மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக மிதக்கவிடுவார். கால் மணி நேரம் யாரும் கை வைக்கக் கூடாது. பசை இளகியதும் உறைத்தாள் தானாகக் கீழே போய்விடும். தபால்தலை மட்டும் மேலே நழுவி வரும். அவசரப்பட்டு உரித்தால் முதுகுத் தாள் மெலிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி தெரியும். பிறகு வெள்ளைத் துண்டில் குப்புறப் போட்டு ஈரம் உறிஞ்சவைத்து, கனமான புத்தகத்துக்கு நடுவே இரண்டு நாள். இன்று பைண்டிங் பிரஸ்ஸைத் திருகும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு நாள் பொறுமைதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு முறை மாமா வெளியூர் போயிருந்தபோது, நானே செய்கிறேன் என்று சிவப்பு உறைத் துண்டு ஒன்றையும் மற்றவற்றோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டேன். உறையின் சாயம் தண்ணீரில் இறங்கி, பக்கத்தில் மிதந்த அமெரிக்கத் தபால்தலையின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. மாமா திட்டவில்லை. கறைபட்டதையே ஆல்பத்தில் ஒட்டினார். அது இன்றும் இருக்கிறது, 'ஏரிகள்' ஆல்பத்தில், நான்காவது பக்கத்தில். அந்தத் தபால்தலையிலிருந்துதான் எனக்குச் சிக்கலே ஆரம்பித்தது.

அமெரிக்கா 1934-இல் தேசியப் பூங்காக்களுக்காகப் பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. அதில் 6 சென்ட், கரு நீலம். படத்தில் ஆரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரியும் அதன் நடுவே கூம்பு போல ஒரு தீவும். சாதாரணமாகப் பார்த்தால் மலைகள் சூழ்ந்த ஏரி. மாமாவும் அப்படித்தான் வைத்திருக்கிறார். ஆனால் அது மலைகள் சூழ்ந்த ஏரி இல்லை. அங்கே மஸாமா என்றொரு எரிமலை இருந்தது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது தன் வயிற்றில் இருந்த குழம்பையெல்லாம் கக்கித் தீர்த்தது. உள்ளே வெற்றிடமானதும் உச்சி தாங்காமல் உள்நோக்கி இடிந்து விழுந்தது. மிஞ்சிய பள்ளத்தில் மழையும் பனியும் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் இந்தத் தண்ணீர். அதில் வந்து கலக்கும் பெரிய ஆறும் இல்லை, அதிலிருந்து கிளம்பும் ஆறும் இல்லை. ஆழம் 594 மீட்டர். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போலப் பதினொன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் கலசம் வெளியே தெரியாது. நடுவில் இருக்கும் கூம்புத் தீவும் ஒரு குட்டி எரிமலைதான், மலை விழுந்த பிறகு பள்ளத்தின் அடியிலிருந்து முளைத்தது. அந்த மண்ணின் க்ளாமத் பழங்குடியினர் கீழுலகத் தலைவனுக்கும் மேலுலகத் தலைவனுக்கும் நடந்த சண்டையில் மலை விழுந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், இந்தத் தபால்தலை எந்த ஆல்பத்துக்குரியது?

அதே வரிசையில் 3 சென்ட் தபால்தலை 'எரிமலைகள்' ஆல்பத்தில் இருக்கிறது. ரெய்னியர் மலை. அடியில் ஒரு சிறு ஏரி, அதில் மலையின் தலைகீழ் பிம்பம். ஒரே நாடு, ஒரே வரிசை, ஒன்று அங்கே, ஒன்று இங்கே. முதுகு பிரித்த தாள்களை மேசைமேல் பரப்பி, தையல் நூலை வெட்டி எடுக்கும்போது நான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க மாமா போட்ட கோடு அழிந்துகொண்டே வந்தது.

நியூசிலாந்துப் பக்கத்துக்கு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

1898-இல் நியூசிலாந்து ராணியின் தலையை விட்டுவிட்டுத் தன் நாட்டுக் காட்சிகளைத் தபால்தலையில் போட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். லண்டனில் வாட்டர்லோ அச்சகம் செதுக்கி அச்சடித்தது. செதுக்குத் தகட்டு அச்சு என்றால் மை தாளின் மேல் மெல்லிய மேடாக நிற்கும். நகத்தால் அல்ல, விரலின் சதையால் மிக மெதுவாகத் தடவினால் தெரியும். (என் மகனிடம் தடவச் சொன்னேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றான். கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னதும் தெரிந்தது.) அந்த வரிசையில் டௌப்போ ஏரி இருக்கிறது. நடுவில் ஏரிக் காட்சி, தூரத்தில் பனி மூடிய ருவாப்பெஹு எரிமலை, கரையில் மரம். முதலில் 1 பென்னியாக வந்து, பிறகு 4 பென்னியாக மாறியது. மாமாவிடம் இருப்பது 4 பென்னி. இரண்டு வண்ணம். நடுப்படம் ஒன்று, சட்டம் ஒன்று என்று தாள் இரண்டு முறை அச்சு இயந்திரத்துக்குள் போக வேண்டும். ஒரு தாளை யாரோ இரண்டாவது முறை தலைமாற்றி வைத்துவிட்டார்கள். படமும் சட்டமும் ஒன்றுக்கொன்று தலைகீழானது. அப்படிப்பட்ட தபால்தலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இதுவரை தெரியவந்திருக்கிறது. எங்கள் தொழிலிலும் ஒரு ஃபாரம், அதாவது பக்கங்களாக மடித்த ஒரு தாள், தலைகீழாக மடிந்து தைக்கப்பட்டுவிட்டால் மொத்தப் புத்தகத்தையும் பிரிக்க வேண்டும். அந்த அச்சுத் தொழிலாளியின் கை அன்று எவ்வளவு களைத்திருந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தப் பிழை இல்லை. அந்தப் படத்தைப் பார்ப்பவர் எல்லாரும் தூரத்தில் தெரியும் ருவாப்பெஹுவைக் காட்டி, அதோ எரிமலை என்பார்கள். உண்மையில் முன்னால் அமைதியாகக் கிடக்கும் தண்ணீர்தான் பெரிய எரிமலை. டௌப்போ ஏரி ஒரு மாபெரும் எரிமலை இடிந்து விழுந்த பள்ளம். சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்த வெடிப்பு பூமியின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. பிறகு இன்றைக்குச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னும் ஒருமுறை பெரிதாக வெடித்திருக்கிறது. ஏரியின் பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். தூரத்து மலைக்கு எதிரே கிடக்கும் தண்ணீரை வெறும் முன்காட்சி என்று நினைத்த படம், விஷயம் தெரிந்ததும் உள்ளும் வெளியுமாகப் புரண்டுவிடுகிறது.

தண்ணீரின் வேலை அத்தோடு முடியவில்லை. ருவாப்பெஹுவின் உச்சியிலும் ஓர் ஏரி இருக்கிறது, எரிமலை வாய்க்குள்ளேயே. 1953 டிசம்பர் 24-ஆம் தேதி இரவு அந்த ஏரியின் கரை உடைந்து, தண்ணீரும் சாம்பலும் பாறையுமாக ஆற்றில் இறங்கி, டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தின் தூண்களை அடித்துக்கொண்டு போனது. சற்று நேரத்தில் வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து போகும் இரவு எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்தின் மேல் வந்தது. 151 பேர் இறந்துபோனார்கள். மாமா இதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் குறித்துவைத்திருக்கிறார்: '24-12-53, ரயில்'. அதற்குக் கீழே வேறு பேனாவில், 'தனுஷ்கோடி 22-12-64'. வேறு எந்த விளக்கமும் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதும் இல்லை. புயலில் கடல் பொங்கிப் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரை விழுங்கிய இரவு அது. இரவு வண்டியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்கு, எங்கோ ஒரு நாட்டுத் தபால்தலையின் ஓரத்தில் அது எழுதத் தோன்றியிருக்கிறது.

அதே வரிசையில் 9 பென்னி தபால்தலை ஒன்றும் இருக்கிறது. ஒரு மூலையில் பல் உடைந்து, முத்திரை கறுப்பாகப் பதிந்து, பார்க்க அவ்வளவு அழகில்லை. ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்த இளஞ்சிவப்புப் படித்துறைகள். வெந்நீர் ஊற்று வழிந்து வழிந்து அதிலிருந்த சிலிக்கா படிந்து, இயற்கையே கட்டிய படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு வெந்நீர்க் குளம். உலகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் கப்பலேறி வந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே வெண்படித்துறையும் இருந்தது, அது இன்னும் பெரிது. 1886 ஜூன் 10-ஆம் தேதி அதிகாலையில் டாராவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள். ஏரி இருந்த இடம் பெரும் பள்ளமாகி, படித்துறைகள் காணாமல் போயின. பிறகு பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்து, முன்னைவிடப் பெரிய ஏரி உண்டாயிற்று.

தபால்தலை வந்தது 1898-இல். அதாவது, இல்லாமல்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆன ஒன்றை அந்த நாடு தன் அடையாளமாகக் கடித உறையில் ஒட்டி உலகுக்கு அனுப்பியது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இறந்துபோன பெரியவரின் படத்தை முதலில் காட்டுவது போல. வண்ணமும் மாறித்தான் வந்தது. வெண்படித்துறையை ரோஜா நிறத்திலும், இளஞ்சிவப்புப் படித்துறையை ஊதாவிலும் அச்சடித்தார்கள். ஒரு விலைக்கு ஒரு நிறம் என்பது அஞ்சல் வழக்கம். ஊதாவில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால், எனக்கு அந்தப் படிகள் எப்போதும் அந்தி நேரத்தில்தான் இருக்கின்றன.

வாகடிப்பு ஏரி பற்றி ஒரு வரி. அது எரிமலை ஏரி இல்லை, பனிப்பாறை குடைந்தது. லண்டன் செதுக்குத் தொழிலாளி அதன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'வாகிடிப்பு' என்று வெட்டிவிட்டார். பின்னர் திருத்தி அச்சடித்தார்கள். மாமாவிடம் இரண்டுமே இல்லை. ஆனால் இரண்டுக்கும் கட்டம் போட்டுக் காலியாக வைத்திருக்கிறார்.

'எரிமலைகள்' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது நிகரகுவா. 1900-ஆம் ஆண்டு வெளியீடு. முன்னால் ஒரு துறை, ரயில் பாதை, பின்னால் மானாகுவா ஏரிக் கரையில் மொமோடோம்போ எரிமலை, உச்சியில் புகை. இது விலை உயர்ந்த தபால்தலை ஒன்றும் இல்லை. மாமா இதை முதல் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் அதன் கதை. அதை எத்தனை முறை சொன்னாலும் முதல் முறை சொல்வது போலவே சொல்வார்.

அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்க அமெரிக்கா ஒரு கால்வாய் வெட்ட நினைத்தது. பலர் மனதில் இருந்தது நிகரகுவா வழி. அங்கே நிகரகுவா ஏரி என்ற பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. பாதி வழியை ஏரியே போட்டுக்கொடுத்துவிடும். பனாமா வழியில் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கனவே வெட்டிப் பாதியில் விட்டிருந்தார்கள். அந்த வேலையில் இருந்த பிலிப் பூனோ வாரியா என்ற பொறியாளர் எப்படியாவது பனாமாவைத் தேர்ந்தெடுக்கவைக்க வேண்டும் என்று வாஷிங்டனில் அலைந்தார். பனாமா கம்பெனியில் அவருக்குப் பங்கும் இருந்தது. 1902 மே 8-ஆம் தேதி கரீபியன் கடலில் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சான் பியேர் நகரம் சில நிமிடங்களில் கருகியது. கிட்டத்தட்ட 28,000 பேர் மாண்டார்கள். நிகரகுவாவிலும் எரிமலை உண்டே என்ற பேச்சு எழுந்தது. எங்கள் நாட்டில் அப்படி ஆபத்து எதுவும் இல்லை என்று நிகரகுவா தரப்பு மறுத்தது. பூனோ வாரியாவுக்கு அந்தத் தபால்தலை நினைவுக்கு வந்தது. அந்த நாடே தன் கையால் அச்சடித்த புகையும் மலை. வாஷிங்டனில் தபால்தலை விற்பவர்களிடமெல்லாம் தேடி 90 வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் ஒட்டி, 90 செனட்டர்களுக்கும் அனுப்பிவைத்தார். 1902 ஜூன் 19-ஆம் தேதி செனட் வாக்களித்தது. பனாமாவுக்கு ஆதரவாக 42, எதிராக 34. 1914 ஆகஸ்டில் பனாமாக் கால்வாய் திறந்தது.

மொமோடோம்போ இருப்பது கால்வாய் போகவிருந்த வழியிலிருந்து வெகு தொலைவில். ஒரு தபால்தலையால் மட்டும் வாக்கு மாறிவிடவும் இல்லை. செலவு, தூரம், அரசியல் என்று பல காரணங்கள் இருந்தன. மாமாவும் அதைச் சொல்வார். "ஆனாலும் மருமகனே, நாலு கண்மாய்க்கு நடுவில் பிறந்த நமக்குப் புரியும். ஏரி கூப்பிட்டது, மலை போகச் சொல்லிவிட்டது" என்பார். அவர் வாயாலேயே ஏரியையும் மலையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஆல்பத்தில் மட்டும் பிரித்து வைத்தார். அந்த நிகரகுவா ஏரியின் நடுவே இருக்கும் ஒமெட்டெப்பே தீவே இரண்டு எரிமலைகள் சேர்ந்து உண்டானது. அதில் ஒன்றின் உச்சியில் மறுபடியும் ஓர் ஏரி இருக்கிறது. அதை எந்த ஆல்பத்தில் வைப்பது?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஃபூஜி ஏழெட்டு இருக்கிறது, எல்லாவற்றிலும் அமைதி. கடைசியாக வெடித்தது 1707-இல். ட்ரிஸ்டன் ட குன்யா என்ற தனித் தீவில் 1961-இல் எரிமலை வெடித்து ஊரே காலிசெய்யப்பட்டது. அவர்களுக்கு உதவ செயின்ட் ஹெலினாவில் மேலச்சு போட்டு, அதாவது அச்சான தபால்தலைமேல் மறுபடி எழுத்து அச்சடித்து, விற்ற தபால்தலைகள் 434 தொகுப்புகள்தான் விற்றன. மக்கள் 1963-இல் ஊர் திரும்பியபோது அதற்கும் ஒரு மேலச்சு வெளியீடு வந்தது. அதில் ஒன்று மட்டும் மாமாவிடம் உண்டு. ஐஸ்லாந்தின் 2010 வெளியீடு நான் வாங்கிச் சேர்த்தது, மாமா அப்போது இருந்தார். அந்த வருடம் ஐரோப்பாவில் விமானங்களையே நிறுத்திவைத்த எரிமலையின் சாம்பலை மையோடு சேர்த்து அச்சடித்திருந்தார்கள். அதை அவர் கையில் கொடுத்து விரலை வைத்தேன். கண்ணில் புரை விழுந்திருந்த சமயம். மெல்ல நெருடுவதை உணர்ந்ததும் கையை எடுக்கவே இல்லை. "வந்துவிட்டதே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் படமாகப் பார்த்தது பொருளாகவே வீட்டுக்கு வந்துவிட்டது என்று சொல்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

இந்தியாவுக்கு இரண்டே பக்கம். 2006-இல் வந்த இமயமலை ஏரிகள் ஐந்தும் இருக்கின்றன, ரூப்குண்ட், சந்திரதால் எல்லாம். நம் நாட்டில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் உறங்கிவிட்டு 1991-இல் மறுபடி எழுந்தது. அதற்கும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

யானைமலை என் கடை வாசலிலிருந்து தெரியும். பள்ளிப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட வரும்போது, இது எரிமலையா என்று கேட்பதுண்டு. இல்லை. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறிய பாறை, மேலே மூடியிருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்த பிறகு வெளியே தெரிகிறது. ஊர்க் கதைப்படி சொக்கநாதர் அம்பு எய்து கல்லாக்கிய யானை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் அடிவாரத்துக் கண்மாயில் யானை தலைகீழாகப் படுத்திருக்கும். அதை 3 சென்ட் ரெய்னியர் தபால்தலையைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

வியாழக்கிழமை அனுப்பானடிக்குப் போனேன். இரண்டையும் ஒரே புத்தகமாகக் கட்டலாமா என்று அத்தையிடம் கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. பெரியவர் வைத்த ஒழுங்கைக் கலைக்கிற காரியம்.

"அவர் இரண்டாகத்தானே வைத்திருந்தார்?" என்றார்.

நான் கிரேட்டர் ஏரியை எடுத்துக் காட்டினேன். மலை விழுந்த பள்ளத்தில் நின்ற தண்ணீர் இது என்று சொன்னேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஓரத்து இளஞ்சிவப்புக் கறையை அடையாளம் கண்டு, "இது நீ கெடுத்தது அல்லவா" என்றார். பிறகு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெப்பக்குளத்தின் பக்கம் தலையைத் திருப்பி, "நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தானே நம் தெப்பக்குளம். முக்குறுணிப் பிள்ளையார்கூட அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான். மகால் அங்கே நிற்கிறது, பள்ளம் இங்கே நிற்கிறது. ஒரே மண்" என்றார். ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்தார். "சேர்த்தே கட்டு, மருமகனே."

ஊர் முழுக்கச் சொல்லும் கதைதான். எனக்கும் தெரிந்த கதைதான். ஐந்து நாளாக இந்தத் தாள்களைப் புரட்டிய எனக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. பழைய பக்கங்கள் அமிலம் ஏறிப் பழுப்பாகிவிட்டதால் ஓரங்களுக்கு மெல்லிய தாள் கொடுத்து வலுப்படுத்தினேன். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது எங்கள் வழக்கம். இந்தப் புத்தகத்துக்கு மட்டும் கலக்கவில்லை, தபால்தலைக்குப் பக்கத்தில் அந்த மருந்து ஆகாது. ஃபாரங்களை நாடு வாரியாகக் கலந்து அடுக்கினேன். நியூசிலாந்தின் ஊதாப் படித்துறைக்கு எதிர்ப்பக்கத்தில் டௌப்போ வந்தது. அமெரிக்காவின் 3 சென்ட்டும் 6 சென்ட்டும் முதல்முறையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மாமாவின் பென்சில் குறிப்புகளில் கை வைக்கவில்லை. ஐந்து நாடா கொடுத்துக் கையால் தைத்தேன். முதுகுக்குக் கரும்பச்சைக் காலிகோ. பழைய அட்டைகள் இரண்டையும் வெட்டாமல் முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் உள்பக்கமாக ஒட்டினேன். திறந்தால் 'எரிமலைகள்', மூடும்போது 'ஏரிகள்'.

முதுகில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அகலம் இரண்டு விரல்கூட இல்லை.

பழைய ஓலைச்சுவடிகளைப் படி எடுத்தவர் ஒருவருக்குச் சில வருடங்களுக்கு முன் பைண்டிங் செய்து கொடுத்தேன். அப்போது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எகரத்தில் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் நெடில், இதுதான் தொல்காப்பியர் சொன்ன முறை. ஆனால் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று முடிவு செய்ய வேண்டும். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோட்டை இழுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். அதற்கு முந்தைய ஓலையில் 'எரி' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது நெருப்பாகவும் இருக்கலாம், நீராகவும் இருக்கலாம்.

தங்கத்தாள் வைத்து, எழுத்துகளைச் சூடாக்கி, கோடு போடாமல், புள்ளியும் வைக்காமல், 'எரி' என்று மட்டும் அழுத்தினேன்.

இப்போது பிரஸ்ஸில் இருக்கிறது. மழை ஈரத்துக்கு இரண்டு நாள் போதாது, மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் அனுப்பானடிக்குக் கொண்டுபோகிறேன். அத்தை அதை எப்படி வாசிக்கிறார் என்று கேட்க வேண்டும்.